கூலி கொடுக்காதவன் எதிலிருந்து பிடிப்பான்?

தனசேகர் அண்ணா, நீங்கள் பொய் சொன்னீர்கள். "எனக்குத் தெரிஞ்ச கம்பெனிதான், நம்ம ஊர்ப் பொண்ணுங்க பயப்படாம சேரலாம்" என்று நம் ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் உங்கள் குரலிலேயே பேசிப் போட்டீர்கள். உங்களுக்கு அந்தக் கம்பெனியைத் தெரியாது. துபாயில் உட்கார்ந்துகொண்டு, எவனோ அனுப்பியதை எங்கள் பக்கம் தள்ளிவிட்டீர்கள். அதை நம்பி ஆரணியில் என் அண்ணி காதுக் கம்மலைக் கழற்றினார். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. குழுவில் பேச முடியாதபடி என் வாயை அடைத்துவிட்டீர்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் இருப்பது அயர்லாந்தில் ஒரு சின்ன ஊர். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. இங்கே வந்த புதிதில் எனக்குக் குளிரைவிட விசித்திரமாக இருந்தது, இவர்கள் போனை வைக்கும் விதம். எங்கள் சமையலறையில் ஷோனா என்று ஒருத்தி வேலை செய்கிறாள். என் வயதுதான் இருக்கும். ஒருநாள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருக்கும்போது அவளுக்கு ஒரு அழைப்பு வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள். எதிர்ப்பக்கம் ஒரு ஆண் குரல், வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை என்று ஆரம்பித்தது. ஷோனா "நோ" என்றாள், வைத்துவிட்டாள். கத்தியைக்கூடக் கீழே வைக்கவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. பாவம், அவர் சொல்ல வந்ததை முழுசாகக் கேட்டிருக்கலாமே என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். மறுநாள் மேலாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, இங்கே சம்பளம் போதவில்லையா, வேறு வேலை தேடுகிறாயா என்று விசாரித்தார். நான் அந்த ஆளுக்காகப் பரிதாபப்பட்டதை, எனக்கு அந்த வேலை வேண்டும் என்று ஷோனா புரிந்துகொண்டிருக்கிறாள். முகம் தெரியாத ஒருவனுக்கு மரியாதை காட்டுவதற்காக ஒருத்தி பேசுவாள் என்பது அவள் மண்டையில் ஏறவே இல்லை.

நம் ஊரில் அப்படி வைத்துவிட முடியுமா? பேசிக்கொண்டிருப்பவர் யாராக இருந்தாலும் "சரிங்க, சரிங்க, வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேங்க" என்று இழுப்போம். குழுவில் வயதில் மூத்தவர் எதைப் போட்டாலும் கட்டைவிரல் ஒன்று போடுவோம். படிக்கக்கூட மாட்டோம். போடாவிட்டால் திமிர் பிடித்தவள் என்பார்கள். தனசேகர் அண்ணன் அந்த வேலை அறிவிப்பைப் போட்டபோது நானும் ஒரு கட்டைவிரல் போட்டேன். ஷிப்டு முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். அவர் பேசியதைக் கேட்கவில்லை. கட்டைவிரலைத் தட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டேன்.

என் அண்ணி பெயர் செல்வி. பள்ளிப் படிப்பு முடித்து, டைப்ரைட்டிங்கில் லோயர் பாஸ் செய்தவர். கல்யாணமாகி வந்ததிலிருந்து எங்கள் வீட்டுத் தறியில் பட்டுச்சேலை நெய்கிறார். குழித்தறியில் உட்கார்ந்து மிதித்து மிதித்து முழங்கால் வீங்கிவிட்டது. டாக்டர் கொஞ்ச நாள் மிதிக்காதே என்றார். என் அண்ணன் செய்யாறு கம்பெனியில் ஷிப்டு வேலை. வீட்டில் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். கால் ஓய்ந்தாலும் கை ஓய வேண்டாம் என்று அண்ணி நினைத்ததில் என்ன தப்பு? ஆரணிக்காரிக்கு வீட்டிலிருந்து வேலை செய்வது புதிதா? எங்கள் தெருவில் வேலை என்றாலே அது வீட்டுக்குள்தான் நடக்கிறது. முதலாளி நூல் கொடுப்பார், வீட்டில் நெய்வோம், கொண்டுபோய்க் கொடுப்போம். அதனால்தான் எங்கள் ஊரில் இந்தத் திருடர்களுக்குக் கதவு தட்டும் வேலைகூட இல்லை.

அந்தக் கம்பெனி சொன்ன வேலை இதுதான்: மங்கலான பக்கங்களைப் பார்த்து டைப் அடித்து அனுப்ப வேண்டும். பத்து நாள் கெடு. சேரும்போது ஆதார், போட்டோ, ஒப்பந்தத்தில் கையெழுத்து. அண்ணி காலுக்கு ஒத்தடம் வைத்துக்கொண்டே பிள்ளையின் லேப்டாப்பில் அடித்து முடித்தார். பதினோராம் நாள் ஒருத்தி கூப்பிட்டு, உங்கள் வேலையில் தப்பு இருக்கிறது, ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், நஷ்டத்தைக் கட்டுங்கள் என்றாள். அதற்குப் பிறகு வக்கீல் என்று ஒருவன். தினமும் காலை பதினொரு மணிக்கு, ஆபீஸ் திறந்த மாதிரி கூப்பிடுவான். சிவப்பு முத்திரை போட்ட நோட்டீஸ் ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் வீட்டு வாசலுக்குப் போலீஸ் வரும் என்றான்.

எனக்கு இதெல்லாம் தெரியாது. புதன்கிழமை வீடியோவில் பேசும்போது அண்ணியின் காதைப் பார்த்தேன். கம்மல் இல்லை. ஓட்டை தூர்ந்துவிடக் கூடாது என்று ஈர்க்குச்சியை ஒடித்துச் செருகியிருந்தார்.

"கம்மல் எங்க அண்ணி?"

"கழுவ வெச்சிருக்கேன்."

"கழுவ வெச்சதுக்கா ஈர்க்குச்சி செருகியிருக்கீங்க?"

அப்புறம்தான் அழுதார். கம்மலை அடகு வைத்துப் பணத்தை அரிசி டப்பாவில் வைத்திருந்தார். மறுநாள் காலை அனுப்பப் போகிறாராம். அண்ணனுக்குத் தெரியாது. அண்ணி, அவன் திருடன், ஒரு பைசா அனுப்பாதீங்க என்று கத்தினேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"இல்ல கலா. தப்பு என் மேலதான். மூணாவது பக்கத்துல ஒரு வரி உட்டுட்டேன், எடுத்துக் காட்டினாங்க. பொய்க் கம்பெனிகாரன் இப்படி பக்கம் பக்கமா உட்காந்து தப்பு பார்த்துகினு இருப்பானா?"

அந்த நிமிடம் எனக்குப் புரிந்தது. நான் பத்து வயதில் அப்பாவோடு முதலாளி கடைக்குப் போவேன். நெய்த சேலையை வெள்ளைத் துணிமேல் விரித்து, முதலாளி விரலால் தடவிக்கொண்டே போவார். விரல் ஓரிடத்தில் நிற்கும். "இங்க ஒரு இழை போயிருக்குது பாருப்பா" என்பார். அப்பா குனிந்து பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார். கூலியில் பிடித்துக்கொள்வார்கள். எங்கேப்பா போயிருக்குது, எனக்குத் தெரியலையே என்று நான் கேட்டால், "சும்மா இரு" என்று தொடையில் கிள்ளுவார். தப்புச் சொல்பவன் முதலாளி, தலையாட்டுபவன் வேலைக்காரன் என்று பழகிய வீடு எங்கள் வீடு. அண்ணியும் அதே வெள்ளைத் துணிமுன் பல வருடம் நின்றவர். வேறு ஊர்க்காரியாக இருந்தால் தப்புக் கண்டுபிடித்ததும் சந்தேகம் வந்திருக்கும். எங்கள் அண்ணிக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

நானும் அந்த வழியிலேயே கேட்டேன்.

"தறிக்குப் பாவு நூலு யார் குடுக்குறாங்க அண்ணி?"

"மொதலாளி."

"பட்டு?"

"அவருதான். இன்னா கேள்வி இது?"

"சேலையில குறை இருந்தா?"

"கூலியில பிடிப்பாரு."

"இவன் உங்களுக்குக் கூலி எவ்ளோ குடுத்தான்?"

அண்ணி காதில் இருந்த ஈர்க்குச்சியைத் திருகிக்கொண்டே யோசித்தார்.

"ஒண்ணும் குடுக்கலையே."

"அப்புறம் எதுலேர்ந்து பிடிக்கிறான்?"

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அடப் பாவி" என்றார், மெதுவாக.

மறுநாள் அங்கே காலை பதினொரு மணி. இங்கே விடிந்தும் விடியாத நேரம். நான் சீருடை மாட்டிக்கொண்டு, பிள்ளையின் லேப்டாப் வழியாக அண்ணியோடு இருந்தேன். போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். வக்கீல் என்பவன் சட்டப்பிரிவாக அடுக்கினான். அண்ணி பழக்கதோஷத்தில் "சார், சார்" என்று எழுந்தே நின்றுவிட்டார். நான் கையைக் கீழே காட்டி உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார்.

"சார், எனக்கு எவ்ளோ கூலி குடுத்தீங்களோ அதுல பிடிச்சிக்கோங்க."

"மேடம், சட்டம் தெரியாம பேசாதீங்க."

"சட்டம் உனக்குத் தெரியுது இல்ல? ஜல்தியா கிளம்பி வா. ஆரணி டேஷன்லயே பேசிக்கலாம். வாசப்படியில நிக்க வெச்சுப் பேச மாட்டேன், டீ வாங்கித் தரேன்."

வைத்துவிட்டார். ஷோனா வைப்பதுபோல. அவன் திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். அன்று சாயங்காலம் அண்ணி அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னார். அண்ணன் கத்தினான், அப்புறம் கம்மலை மீட்டுக்கொண்டு வந்தான். வெள்ளிக்கிழமை எங்கள் வாசலுக்கு வந்தது கீரைக்காரி மட்டும்தான். எந்தப் போலீசும் வரவில்லை. அண்ணனும் அண்ணியும்தான் போலீசிடம் போனார்கள், புகார் எழுதிக் கொடுக்க. அங்கே போளூரிலிருந்து வந்த ஒரு பெண் பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாளாம். அதே கம்பெனி, அதே சிவப்பு முத்திரை. அவள் பணத்தைக் கட்டிவிட்டாள். யார் சொல்லிச் சேர்ந்தாய் என்று அண்ணி கேட்டதற்கு, உங்கள் ஊர்க் குழுவில் ஒருத்தர் பேசியதைச் சித்தி அனுப்பினாள் என்றாளாம்.

ஊரில் இருக்கிற பெண்களே, கேட்டுக்கொள்ளுங்கள். வேலை கொடுப்பவன்தான் முதலில் கொடுக்க வேண்டும். சேருவதற்கோ பயிற்சிக்கோ தப்புக்கோ பணம் கேட்டால் அவன் முதலாளி இல்லை. மிரட்டல் நோட்டீஸ் படத்தைப் பார்த்துப் பயந்து பணம் அனுப்பாதீர்கள். கம்பெனி ஆபீசை நேரில் பார்த்தவர், அங்கே கூலி கையில் வாங்கியவர் ஒருவரையாவது பார்க்காமல் ஆதாரைக் கொடுக்காதீர்கள். மாட்டிக்கொண்டால் மறைக்காதீர்கள். அன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள், சைபர் குற்றப் புகார் கொடுங்கள். நீங்கள் வெட்கப்பட்டு ஒளிந்துகொள்வீர்கள் என்பதுதான் அவன் கணக்கு. வெளிநாட்டில் இருக்கிறவர்களே, தெரியாததற்குக் கட்டைவிரல் போடாதீர்கள். நம்மை ஊரில் விவரமானவர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஏன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று அண்ணியைத் திட்டினேன். "நீயும்தான் கை தூக்கிப் போட்டிருந்தியே கலா, உம்பேரைப் பார்த்துட்டுதான் சேர்ந்தேன்" என்றார். நான் ஊரை விட்டு வந்து ஐந்து வருடமாகிறது. இங்கே என்னைத் தெரிந்தவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. என் கட்டைவிரல் மட்டும் ஆரணியிலேயே தங்கி, எனக்குத் தெரியாமல் எங்கள் வீட்டுக்குள் ஆளை அனுப்பியிருக்கிறது. அது என் தப்பு. என் பெயரைச் சொல்லி எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொள்கிறேன்.

தனசேகர் அண்ணா, இதையெல்லாம் நான் குழுவில் கேட்டேன். நீங்கள் உங்கள் குரல் பதிவை அழித்தீர்கள். நிர்வாகி மட்டும்தான் பேசலாம் என்று பூட்டினீர்கள். தனியாக எனக்கு, "தங்கச்சி, ஊர் மானம் போயிடும், உட்டுடும்மா" என்று எழுதினீர்கள். ஊர் மானம் அண்ணியின் காதில் ஈர்க்குச்சியாகச் செருகியிருந்தது, அதை நான் பார்த்தேன். உங்கள் தனிச் செய்தி எனக்கு வேண்டாம். குழுவைத் திறங்கள். பொய்யைப் பேசிய அதே இடத்தில், அதே குரலில், ஆரணியும் போளூரும் கேட்கிற மாதிரி பதில் சொல்லுங்கள். அந்தக் கம்பெனியை உங்களுக்கு எப்படித் தெரியும்?