நாலாவது டெஸ்க்டாப்புக்கும் ஒரு பொட்டு

ஜெயமங்கலத்தில் நான் வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டில் கதவு என்று சொல்ல இரண்டுதான் இருந்தன. ஒன்று தெருவாசலில், இன்னொன்று கக்கூசில். மற்ற இடமெல்லாம் திரைச்சீலை. மாமா, அதாவது என் மாமனார், திரையை விலக்குவதற்கு முன் ஒரு செருமல் செருமுவார். செருமிவிட்டால் அனுமதி கேட்டதாக அர்த்தம். பதில் வரும்வரை நிற்க வேண்டும் என்பது அந்த ஒப்பந்தத்தில் கிடையாது.

சென்னையில் உள்ள ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். என் ஆபீஸ் பட்டாசாலையில், அதாவது நடு ஹாலில், மோட்டார் ஸ்டார்ட்டருக்கும் பீரோவுக்கும் நடுவே. மேலாளரோடு வீடியோவில் பேசிக்கொண்டிருப்பேன். என் தோளுக்குப் பின்னால் துண்டு மட்டும் கட்டிக்கொண்டு மாமா வந்து நிற்பார். “ஏத்தா, அந்தச் சிட்டாவ இப்பப் பாக்கணும். வெளிய ஆளு நிக்கிறாக.” மேலாளர் நாகரிகமாக மேலே பார்ப்பார். நானும் மேலே பார்ப்பேன். பார்த்துப் பார்த்து எங்கள் உத்தரத்தில் எத்தனை பல்லி என்று எனக்கு மனப்பாடம்.

இந்தத் தொல்லைக்குத்தான் கணினியில் தனித்தனி டெஸ்க்டாப் போட்டேன். தமிழில் மெய்நிகர் மேசை என்கிறார்கள். நாலு தடவை சொன்னால் வாய் சுளுக்கிக்கொள்ளும். திரை ஒன்றுதான். நாலு விரலை வைத்து ஒரு தள்ளு தள்ளினால் ஒரு மேசை போய் இன்னொரு மேசை வரும். ஒவ்வொன்றுக்கும் வேறு பெயர், வேறு படம். முதலாவது ஆபீஸ், வெறும் சாம்பல் நிறம். இரண்டாவது வீடு, பட்டா, சிட்டா, கரண்டு பில் எல்லாம் அங்கே. மாமா ஆசைப்பட்டதால் அதில் வீரபாண்டி கௌமாரியம்மன். மூன்றாவது சொந்தபந்தம். யார் யார் வீட்டுக்கோ பெண் தேடும் ஜாதகங்கள், காதுகுத்துப் பத்திரிகைகள். கம்ப்யூட்டர் தெரிந்த மருமகள் வாய்த்துவிட்டால் ஊருக்கே அச்சாபீஸ் வைத்துக்கொடுத்த மாதிரி.

நாலாவதற்குப் பழைய ஃபைல்கள் என்று பெயர் வைத்தேன். அப்படிப் பெயர் வைத்தால் இந்த நாட்டில் எவரும் திறந்து பார்க்க மாட்டார்கள். அதில் இருந்தது தனிக்குடித்தனம். கோயம்புத்தூரில் ஒரு வாடகை வீடு பார்த்து வைத்திருந்தேன். படுக்கையறை இரண்டு, இரண்டுக்கும் கதவு உண்டு. அந்தக் கதவுகளில் ஒன்றைத்தான் அங்கே பின்னணிப் படமாக வைத்திருந்தேன். பித்தளைத் தாழ்ப்பாள் பளிச்சென்று தெரியும். என் புருஷனுக்கும் சங்கதி தெரியும். தேனியில் மோட்டார் பம்ப் கடையில் இருக்கிறார். அந்தக் கடைக்குக் கோயம்புத்தூரிலும் ஒரு கிளை உண்டு. கேட்டால் “பாப்போம்” என்பார். கல்யாணமான மூன்று வருடத்தில் அவர் எடுத்த ஒரே முடிவு அந்தப் பாப்போம்தான். வீட்டு ஓனரோ ஆயுத பூசை முடிந்த திங்கட்கிழமைக்குள் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவாராம்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மேசைகளைப் போட்ட ஜோரில் வீட்டில் எல்லோருக்கும் தள்ளித் தள்ளிக் காட்டினேன். நாலாவதை மட்டும், “அது சும்மா, பழசு” என்று தாண்டிவிட்டேன். மாமா மறுநாளே டீக்கடையில், “எம் மருமக ஒரு பொட்டிக்குள்ள நாலு பொட்டி வச்சிருக்கா” என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஆயுத பூசையன்று அருவாமனை, மிக்ஸி, மண்வெட்டி, ஸ்டார்ட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டு முடித்துவிட்டு, அத்தை, அதாவது என் மாமியார், என் கணினிக்கு வந்தார். மாமா வாசலில் மொபெட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். அத்தை ஆபீஸ் திரையின் ஒரு மூலையில் பொட்டு வைத்தார்.

“இனி அடுத்ததத் தள்ளு.”

“ஒரு பொட்டு போதும் அத்தை. எல்லாம் ஒரே ஸ்கிரீன்தான்.”

“தோட்டத்துல நாலு மோட்டாரு ஓடுனா ஒண்ணுக்கு மட்டும் பொட்டு வச்சுட்டு வருவமா? நாலும் ஒழைக்கிதுல்ல?”

கௌமாரியம்மனுக்கு ஒரு மூலை, ஜாதகங்களுக்கு ஒரு மூலை. நான் மூடப் போவதற்குள் அவரே நாலு விரலை வைத்துத் தள்ளிவிட்டார். நான்தானே கற்றுக்கொடுத்தேன், என்னைச் சொல்லணும்.

கதவு வந்தது. அதன் மேலே நான் மூடாமல் விட்ட பட்டியல் தமிழில் விரிந்து கிடந்தது. அத்தை எழுத்துக்கூட்டி வாசித்தார். “கோயம்புத்தூர் வீடு. சின்னக் குக்கரு ஒண்ணு. பாயி ரெண்டு. தட்டு ரெண்டு.” மூன்று வருட எரிச்சலையும் இந்த அம்மாள் கணக்கில்தான் எழுதி வைத்திருந்தேன். இனி ஊரைக் கூட்டி ஒப்பாரி வைப்பார் என்றே நினைத்தேன்.

“தட்டு ரெண்டுதான் போட்டிருக்க,” என்றார்.

நான் பட்டியலை மூடினேன். பின்னால் இருந்த கதவு முழுசாகத் தெரிந்தது.

“இந்தத் தாப்பா உள்பக்கமாவா இருக்கு?”

“ஆமா அத்தை.”

“நா இந்த வீட்டுக்கு வந்து நாப்பது வருசம். சீல மாத்தணும்னாலும் கக்கூசுக்குத்தேன் போறேன். ஒங்க மாமா அங்கனயும் வந்து செருமுவாக.”

நாலாவது மூலையில் அழுத்தி ஒரு பொட்டு வைத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. இவரும் அதே திரைச்சீலைக்குப் பின்னால்தான் இருந்திருக்கிறார் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

“அஞ்சாவது ஒண்ணு போட முடியுமாத்தா? எனக்கு.”

“போடலாம் அத்தை. அதுல என்ன வைக்கணும்?”

“ஒண்ணும் வைக்காத. சும்மா கெடக்கட்டும்.”

“மாமா படம் போட்டுரவா?”

“அந்த மூஞ்சிய அங்கனயும் பாக்கணுமாக்கும். இந்தக் கதவையே போடு.”

வாசலில் செருமல் கேட்டது. நான் கை வைப்பதற்குள் அத்தை பின்னோக்கி இரண்டு தள்ளு தள்ளினார். உள்ளே வந்த மாமா கௌமாரியம்மனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை காலையில் ஓனருக்கு நானே போன் போட்டுச் சரி என்றேன். பாப்போம் சொன்னவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். தட்டு மூன்றாக வாங்கினேன்.

இப்போது அத்தை மாதம் ஒரு தரம் பஸ் ஏறி வருகிறார். “எம் பொட்டிய ஒரு எட்டு பாத்துட்டு வாரேன்” என்று மாமாவிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறாராம். வந்து பையை வைத்ததும் ஐந்தாவது மேசையைத் தள்ளிக் காட்டச் சொல்கிறார். அரை நிமிஷம் அந்தக் கதவைப் பார்க்கிறார். பிறகு எழுந்து இரண்டாவது அறைக்குள் போய் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறார். சாப்பாட்டுக்கு நான் தட்டித்தான் கூப்பிடுகிறேன்.