அத்தான் விசில் ஊதுவதற்கு முன்

விசில் அத்தானின் வாயில் இருக்கிறது. இன்னும் ஊதவில்லை. பந்து கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் உருண்டு போய் நின்றுவிட்டது. விளையாடுகிறவர்கள் எல்லாரும் அவரையே பார்க்கிறார்கள். மைதானத்தைச் சுற்றி நின்று அதுவரை கத்திய சனத்துக்குக் குரல் போய்விட்டது. நான் சின்ன வயதிலிருந்து உதைபந்தாட்டம் பார்க்கிறவன். பந்தை விட்டுவிட்டு ஒரு மனிதனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது அந்த இறுதியாட்டத்தில்தான்.

அத்தான் என் அக்காவின் கணவர். தபால் கந்தோரில் வேலை, பின்னேரங்களில் நடுவர். மற்ற நடுவர்கள் கண்டதும் ஊதுவார்கள். இவர் விசிலை வாயில் வைப்பார், மூக்கால் ஒரு மூச்சு எடுப்பார், பிறகுதான் ஊதுவார். "அண்ணை, விசிலுக்குள்ளை எறும்பு பூந்திட்டுதோ?" என்று பெடியள் பகிடி பண்ணுவார்கள். அவர் சிரிக்கவும் மாட்டார், மாறவும் மாட்டார். "ஊதினதைத் திருப்பி உள்ளுக்கை இழுக்கேலாது மச்சான்" என்று என்னிடம் ஒருநாள் சொன்னார். அவ்வளவுதான் அவருடைய சட்டம்.

என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சைக்கிள் கடையில் ரியூப் ஒட்டித் தொடங்கினேன். இன்றைக்கு யாழ்ப்பாணத்தில் எனக்கு மோட்டார் உதிரிப்பாகக் கடைகள் மூன்று. படித்தவர்கள் என்னிடம் வந்து வேலை கேட்கிறார்கள். அந்த வருடம் போட்டிக்குக் கப் தந்ததும் நான்தான். பித்தளைக் கப், என் இடுப்பளவு உயரம். எங்கள் ஊர்க் கழகம் வெல்லும், என் கையாலேயே என் ஊருக்குக் கொடுப்பேன் என்ற நினைப்பில் செய்வித்தேன். எங்கள் பெடியள் அரையிறுதியில் கடற்கரை அணியிடம் தோற்றுப் போனார்கள். கப் என்னுடையது, ஊர் என்னுடையது, விளையாடப் போவது யாரோ! இதைப்போல ஒரு கண்ராவி வேறு இல்லை.

இறுதியாட்டத்துக்கு நடுவரை, இறுதிக்கு வராத ஊரிலிருந்துதான் எடுப்பார்கள். அந்தப் பக்கம் இந்தப் பக்கம் சாயமாட்டார் என்ற நம்பிக்கை. எங்கள் ஊர் தோற்றதால் அத்தானைக் கேட்டார்கள். அங்கேதான் வினை. கடற்கரை அணியோடு மோதப்போகிற மற்ற அணி, சாவகச்சேரிக்கு அங்கால் ஒரு ஊர். அந்த ஊரில்தான் அத்தானின் மகளுக்கு, என் மருமகளுக்கு, சம்பந்தம் பேசி முடித்திருந்தோம். தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கு அடுத்த கிழமை மாப்பிள்ளை வீட்டில். அது மட்டுமா? மாப்பிள்ளையின் தம்பி அந்த அணியில் பின்வரிசை ஆட்டக்காரன்.

அத்தான் ஒளிக்கவில்லை. போட்டிக் குழுவிடம் நேரே போய்ச் சொன்னார். குழுத் தலைவர் சிரித்தார். "அண்ணை, சொந்தம் இல்லாத றெபரிக்கு நாங்கள் யாழ்ப்பாணத்திலை எங்கை போறது?" கடற்கரை அணிக்காரரையும் கேட்டார்கள். "அவர் ஊதினால் எங்களுக்குச் சரி" என்றுவிட்டார்கள். அந்த வார்த்தை வந்த பிறகு அத்தானால் பின்வாங்க முடியவில்லை. அக்காதான் அழுதாள். "நாளைக்கு ஒண்டு நடந்தால் உங்கடை விசிலோ பிள்ளைக்குத் தாலி கட்டும்?" அத்தான் காலுறையை மடித்துக்கொண்டே இருந்தார்.

கப் தந்தவன் என்பதால் எனக்குப் பந்தலில் முன்வரிசைக் கதிரை. பக்கத்துக் கதிரையில் யார்? மாப்பிள்ளையின் தகப்பன், அவர்களுடைய கழகத் தலைவர். தேங்காய் வியாபாரி, வாட்டசாட்டமான ஆள். எனக்கும் சேர்த்து அவரே சோடா எடுத்து வைத்தார். நான் யாருடைய கட்சி? ஊர்க் கோபத்துக்குக் கடற்கரை அணி தோற்கவேண்டும். மருமகளுக்காகவும் அதுதான் நல்லது. ஆனால் அவர்கள் அத்தானின் விசிலால் தோற்றால் அவர் பேர் நாறிவிடும். என் வாழ்க்கையில் முதல் தடவையாக நான் கும்பிட்டது ஒரு அணிக்காக அல்ல. யாராவது மூன்று நாலு கோல் அடித்து ஆட்டத்தைத் தங்கள் காலாலேயே முடிக்கட்டும், அத்தானுக்கு ஒரு வேலையும் வரக்கூடாது. இணுவில் கந்தசாமியாருக்குத் தேங்காய்கூட நேர்ந்தேன்.

ஒருவரும் அடிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் பந்து கோலுக்குக் கிட்டப் போக நான் நேர்த்தியில் இன்னொரு தேங்காய் கூட்டினேன். சம்பந்தியாரின் கைத்தொலைபேசி அலறிக்கொண்டே இருந்தது. "கனடாவிலை எல்லாரும் லைவிலை பாக்கினம். றெபரி எங்கடை ஆளோ எண்டு கேக்கினம்" என்று என் பக்கம் திரும்பிச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். அக்காவும் மருமகளும் வீட்டில் இருந்து அதே லைவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் கடற்கரைப் பெடியன் ஒருவன் கோலைப் பார்த்து ஓங்கி அடித்தான். மாப்பிள்ளையின் தம்பி குறுக்கே விழுந்தான். பந்து அவனுடைய முழங்கைக்குக் கீழே பட்டுத் திரும்பியது. கோட்டோரம் கொடியோடு நின்றவருக்கு நடுவில் ஆள் மறைப்பு. அத்தானுக்கு மறைப்பு இல்லை. எனக்கும் இல்லை.

"கையிலை பட்டதோ?" என்று சம்பந்தியார் கேட்டார்.

"எனக்கு வடிவாத் தெரியேல்லை" என்றேன்.

விசில் வாயில் இருந்தது. ஒரு மூச்சு எடுத்தார். ஊதவில்லை. இரண்டாம் மூச்சும் எடுத்தார். நான் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு ஊதினார். கை பெனால்டிப் புள்ளியைக் காட்டியது.

கடற்கரை அணி அந்த ஒரு கோலோடு வென்றது. "பொம்பிளையையும் தந்து கப்பையும் பறிக்கிறாங்களடா!" என்று வேலியோரத்திலிருந்து ஒருவன் கத்த, சனம் அதையே பிடித்துக்கொண்டது. சம்பந்தியார் எழும்பினார். என்னைப் பார்க்கவில்லை. பாதிச் சோடாவைக் கதிரைக்குக் கீழே வைத்துவிட்டு நடந்தார். நான் என் கப்பை எங்களைத் தோற்கடித்தவர்களிடமே தூக்கிக் கொடுத்தேன். கொடுக்கும்போது முகம் கோணிவிட்டது. பாரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அதற்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு கதையும் இல்லை. வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை, வாருங்கள் என்றும் சொல்லவில்லை. மருமகள் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டுக்குள் நடந்தாள். அக்கா சாமி அறையிலேயே இருந்தாள். ஊரில் எந்தச் சண்டையையும் பேசித் தீர்க்கிறவன் நான். அந்த வீட்டுக்கு ஒரு அழைப்பு எடுக்க எனக்கே துணிவு வரவில்லை. "குறிச்ச நாள் குறிச்சதுதான். போவம்" என்று அத்தான் மட்டும் சொன்னார்.

பலகாரத் தட்டுகளோடு வாடகைக்குப் பிடித்த வானில் போனோம். அவர்களுடைய மைதானத்தைத் தாண்டித்தான் அந்த வீட்டுக்குப் போகவேண்டும். மதிலில் இருந்த பெடியளில் ஒருவன் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தான். அக்கா பலகாரத் தட்டை மடிக்கு இழுத்துக்கொண்டாள். வாசல் படலையடியில் வரவேற்க ஆள் இல்லை. கொஞ்ச நேரம் நின்றோம். பிறகு பன்னீர்ச்செம்போடு ஒருவன் வந்தான். பந்தைக் கையால் மறித்த அதே தம்பி. தலையை நிமிர்த்தாமல் எங்களுக்குப் பன்னீர் தெளித்தான்.

உள்ளே சம்பந்தியார் அத்தானுக்கு முன்னால் வந்து நின்றார்.

"சம்பந்தி, எனக்கு உங்களோடை கோவம்தான். பெனால்டிக்கு இல்லை. உவன் கையாலை மறிச்சதை நானும் கண்டனான். நீங்கள் வழமையா ஒருக்கால்தான் மூச்செடுக்கிறனீங்கள். அண்டைக்கு ரெண்டு தரம் எடுத்தனீங்கள். எங்களைப் பற்றி என்ன நினைச்சனீங்கள்? ஊதினால் சம்பந்தத்தை முறிப்பம் எண்டோ?"

வீடு முழுக்க நின்ற சனம் அத்தானைப் பார்த்தது. அங்கேயும் அவர் கெதிப்படவில்லை, அவசரமில்லாமல் மூக்கால் ஒரு மூச்சு எடுத்தார்.

"முதல் மூச்சு பந்துக்கு" என்றார். "மற்றது என்ரை பிள்ளைக்கு. பயந்துபோனன்."

சம்பந்தியார் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தோளில் கை போட்டார். "அப்ப சரி. பெத்த பிள்ளையைக்கூட நினைக்காமல் ஊதியிருந்தால், மரக்கட்டை மனிசனிட்டையோ பொம்பிளை எடுக்கிறம் எண்டு நான்தான் பயந்திருப்பன். உதிலை இருங்கோ. தம்பி, தட்டானைக் கூப்பிடு!"

பொன் உருகியது. கலியாணமும் நடந்தது. அத்தான் போன வருடம் காலமாகிவிட்டார்.

இந்த வருடமும் கப் நான் தந்ததுதான், போனதைவிடப் பெரிது. இந்த வருடமும் எங்கள் பெடியள் அரையிறுதியோடு சரி. முன்வரிசையில் நானும் சம்பந்தியாரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். நடுவர் இளம் ஆள், நல்ல ஓட்டம். பெனால்டிப் பெட்டிக்குள் ஒருவனைத் தள்ளி விழுத்தினார்கள். என் கை தானாகக் கதிரையைப் பிடித்தது, மூச்சும் நின்றது. அதற்குள் விசில் கேட்டுவிட்டது.

சம்பந்தியார் சோடாவைக் கீழே வைத்தார்.

"உவன் கெதியா ஊதிப்போட்டான்" என்றார்.