வெந்நீர் ஊற்றில் ஊர் அரிசி

லடாக் பக்கம் ரோடு போடும் வேலைக்கு ராயபுரத்திலிருந்து போனவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான், இன்னொருவன் ஹார்பரில் என்னோடு மூட்டை தூக்கிய தோஸ்து. மூன்று மாதமாக ரொட்டிதான் தின்றுகொண்டிருந்தோம். அப்போது அவன் வீட்டிலிருந்து ஒரு படி புழுங்கலரிசி பார்சலில் வந்தது. கூடாரத்தில் மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு. தனி அடுப்பு மூட்ட விடமாட்டார்கள்.

"மலை மேல வெந்நி பீச்சிகினு அடிக்குதாம் மாமு. அங்க போய் ஆக்கிக்கலாம்" என்றான்.

லீவு நாளில் ஒரு மட்டக்குதிரைக்காரரோடு கிளம்பினோம். மேலே போகப் போக மூச்சு திணறியது. வழியில் காட்டுக்கழுதைகள் கூட்டமாக நின்றன. அவற்றைப் பார்க்க அவன் நாலு தரம் குதிரையை விட்டு இறங்கினான். பூனையளவு பழுப்புப் பிராணி ஒன்று வளையிலிருந்து எழுந்து நின்று விசிலடித்தது.

"ஹார்பர் பெருச்சாளி இங்கயும் கீது பாரு! இன்னா நைனா, ஷிப்டு முடிஞ்சிச்சா?" என்று அதை விசாரித்தான்.

"கம்முனு வாடா, பசிக்குது" என்றேன்.

ஊற்று ஆளுயரத்துக்குப் பீறிட்டது. கந்தக நாற்றம் தாங்கவில்லை. சட்டியில் நல்ல தண்ணீர் ஊற்றி, அதை வெந்நீருக்குள் வைக்கலாம் என்றேன். அவன் கேட்கவில்லை. ஹார்பரில் நீராவி கிரேனின் வெந்நீர்த் தொட்டியில் அரிசியைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால், அரை மணியில் சோறு தயார். அந்த ஞாபகம் அவனுக்கு.

"அது கரி போட்டுக் கொதிச்சது. இங்க பூமியே கொதிக்குது. இன்னா பேசறே நீ?" என்றான்.

பாதியை மிச்சம் வை என்று கெஞ்சினேன். ஒரு படியையும் ஒரே மூட்டையாக இறுக்கிக் கட்டி இறக்கினான். குதிரைக்காரர் கையை ஆட்டி, "நஹி, நஹி" என்றார். அவரைப் பார்த்துச் சிரித்தான்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டே இருந்தது, அரிசி வேகவில்லை. அவ்வளவு உயரத்தில் தண்ணீர் போதிய சூடு ஏறுமுன்பே கொதித்துவிடுமாம். ஓவர்சியர் ஒருவர் பிறகு சொன்னார். பிறகு சொல்லி என்ன செய்ய?

காற்று கிளம்பியதும் குதிரைக்காரர் சேணத்தை இறுக்கிவிட்டார். இனி அங்கே நிற்க முடியாது. மூட்டையை அவிழ்த்தோம். வெளிப்பக்கம் பசை, உள்ளே கல். மொத்தமும் தீக்குச்சி மருந்து நாற்றம்.

"மூணு மாசம் கழிச்சு வந்த அரிசிடா! இப்படிக் கலீஜ் பண்ணிட்டியே!"

அவன் ஒரு பிடியை வாயில் போட்டுக்கொண்டு, இன்னொரு பிடியை என் கையில் திணித்தான்.

"நல்லா மென்னு மாமு. வாயில வெந்துடும்."

அவனை அறையத்தான் கை வந்தது. ஆனால் அந்தக் கையில் சோறு இருந்தது. கூடாரம் போய்ச் சேரும்வரை மென்றுகொண்டே வந்தேன்.