ஒன்று குறைந்த கட்டு

டாக்டரம்மா என் வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பீடி வேணுமா, காலு வேணுமா?" அவர் திரும்பி என்னைப் பார்த்தார். என்னவோ இரண்டையும் நான்தான் டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பது மாதிரி. அப்போதே வலது காலில் இரண்டு விரல் போயிருந்தது. புகையினால் காலுக்குப் போகிற ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டே வருகிறது, இனியும் குடித்தால் அடுத்தது முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதுதான் என்று அந்த அம்மா காகிதத்தில் படம் வரைந்து காட்டினார்.

இதில் கேவலம் என்னவென்றால், நான் பீடி சுற்றிப் பிழைக்கிறவள்.

தென்காசியை ஒட்டின எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருத்தி பீடி சுற்றுகிறாள். மத்தியானம் வெயில் சாய்ந்ததும் பத்துப் பன்னிரண்டு பேர் சந்து நிழலில் முறம் மாதிரியான சுளகை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். பீடி இலையும் புகையிலைத் தூளும் பீடிக்கடையில் தருவார்கள். இலையை நனைத்து, அளவாக வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, இருபத்தைந்து பீடியை ஒரு கட்டாக்கிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் எண்ணிக் கட்டுவார்கள். நான் எண்ண மாட்டேன். பன்னிரண்டு வயதிலிருந்து சுற்றுகிற கை. பீடியை அள்ளி இடது கைக்குள் பிடித்தால், பிடி நிறைகிற இடம் இருபத்தைந்து. அந்தத் தெருவில் எனக்கு இருந்த ஒரே பெருமை அது. புருஷனைச் சொல்லிப் பெருமைப்பட வழியில்லாதவளுக்கு வேறு ஏதாவது வேண்டாமா?

அவர் குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். கை முழுக்க நல்லெண்ணெயாக இருக்கிற நேரம் மட்டும் பீடி பிடிக்க முடியாது. ஒரு ஆளைத் தேய்த்து அருவிக்கு அனுப்பிவிட்டுத் துண்டில் கையைத் துடைத்தால், அடுத்த ஆள் வரும் வரைக்கும் பீடிதான். சீசன் இல்லாத மாதங்களில் அடுத்த ஆள் வருவதே இல்லை. நாள் முழுக்கத் துடைத்த கையோடு இருந்தால் விரல் போகாமல் என்ன செய்யும்?

மாசி மாதம் நிறுத்தினார். நிறுத்தினார் என்று சொல்வது மரியாதைக்கு. நான் நிறுத்தினேன். காலையில் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவேன். சாயங்காலம் வந்து இறங்கியதும் சந்தில் அத்தனை பேர் முன்னாலும், "ஊதுங்க பாப்போம்" என்பேன். ஐம்பத்திரண்டு வயது மனுசன் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து ஊதுவார். பொம்பளைகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பு வரும். அவருக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மூன்று மாதமும் நான் அவரோடு இருந்தேன். பீடி ஆசை வருகிறபோது அவருக்கு உதடு காயும், கை நடுங்கும், கண்ணில் ஒரு வெறி வரும். "ஏட்டி" என்று ஒரே ஒரு சத்தம் கொடுப்பார். நான் சுளகைக் கீழே வைத்துவிட்டு, வாயில் ஒரு சுக்குத் துண்டைக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். நாலைந்து நிமிடத்தில் அது தானாக இறங்கிவிடும். "போயிட்டுது" என்பார். நான் எழுந்து வந்துவிடுவேன். கல்யாணமாகி இருபத்தேழு வருடத்தில் அவர் என்னைத் தேடிக் கூப்பிட்டது அந்த மூன்று மாதத்தில்தான். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

கைக்கு வேலை கொடுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். பீடி சுற்றுகிற வீட்டில் கைக்கு வேறு என்ன வேலை இருக்கிறது? தூளைத் தொடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு இலை வெட்டக் கொடுத்தேன். தகர அச்சை இலை மேல் வைத்துக் கத்தரியால் அழகாக வெட்டுவார். வைகாசியில் ஒரு நாள் வெட்டிக்கொண்டே, "இந்த வாட்டி இலை தடிமனா இருக்குட்டி" என்றார்.

"வெட்டுறதோட நிறுத்துங்க. இலையைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்" என்றேன்.

அந்த வாரம் கட்டுகளைக் கொடுக்கப் போனோம். அவர்தான் டி.வி.எஸ்.ஸில் என்னையும் கூடையையும் ஏற்றிக்கொண்டு போனார். பீடிக்கடையில் சரி பார்க்கிற அண்ணாச்சி என் கட்டுகளை எப்போதும் பிரித்துப் பார்க்க மாட்டார். அன்று என்னவோ ஒன்றைப் பிரித்து எண்ணினார். முகம் மாறியது. இன்னொன்றைப் பிரித்தார். அப்புறம் வரிசையாகப் பத்துக் கட்டு.

"என்னம்மா இது, கட்டுக்கு ஒண்ணு காணலை? எல்லாத்துலயும் இருபத்திநாலுதான் இருக்கு."

வரிசையில் நின்ற பொம்பளைகள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அண்ணாச்சி, இலை வாங்குவதற்கு நான் வைத்திருக்கிற பீடிக் கார்டைக் கையில் எடுத்துவிட்டார். களவு என்று வந்தால் கார்டைக் கிழிப்பதுதான் வழக்கம். கிழித்தால் அப்புறம் எந்தக் கடையிலும் இலை கிடைக்காது.

"என் கை தப்பாது அண்ணாச்சி" என்றேன். சொல்லும்போதே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முழுக் கட்டாக எடுத்தால் தெரிந்துவிடும் என்று கட்டுக்கு ஒன்றாக உருவியிருக்கிறார் என் வீட்டுக்காரர். என்ன மூளை! சாயங்காலம் ஊதச் சொன்னால் நாற்றமே வராதே என்று ஒரு நிமிடம் தோன்றத்தான் செய்தது. ஆனால் முப்பத்தைந்து வருடமாகத் தூளை மோந்து மோந்து செத்துப்போன மூக்கு இது. மூக்கை விட்டுவிட்டுக் கையை நம்பினேன்.

வாசலில் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவரைப் பார்த்து, "ஏலே, களவாணிப் பயலே!" என்று கத்தினேன். கட்டின புருஷனை. அத்தனை பேர் முன்னால். "உனக்குக் காலு போறது பத்தாதுன்னு என் சோத்துலயும் மண்ணைப் போடுதியா?"

அவர் என்னைப் பார்த்தார். அண்ணாச்சி கையில் இருந்த கார்டைப் பார்த்தார். பிறகு நொண்டிக்கொண்டு உள்ளே வந்து, "ஆமா அண்ணாச்சி, நான்தான் எடுத்தேன். அவளை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார்.

கார்டு என் கைக்குத் திரும்பி வந்தது. நான் ஜெயித்துவிட்ட மாதிரி நின்றேன்.

அன்றிலிருந்து இலையும் தூளும் டிரங்குப் பெட்டிக்குள் போயின. சாவி என் இடுப்பில். சோற்றைத் தட்டில் போட்டு வாசல் பக்கம் தள்ளிவிடுவேன். தெருவில் யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், கதையை முதலிலிருந்து சொல்வேன். சொல்லச் சொல்ல நன்றாகச் சொல்ல வந்தது. அவர் நொண்டி நொண்டி உருவுவதை நடித்துக்கூடக் காட்டினேன். சந்தே சிரித்தது.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, "ஏட்டி" என்று கூப்பிட்டார். எனக்குத் தெரியும் அது எந்தக் குரல் என்று. அடுப்படியில் இருந்தபடியே, "போய்க் குடிங்க. காலுதானே, போனா போவுது" என்றேன். மறுபடி கூப்பிட்டார். நான் பாத்திரத்தைச் சத்தமாக உருட்டினேன். அப்படி ஒரு வாரம் கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு அந்தச் சத்தம் நின்றுவிட்டது. அடங்கிவிட்டது கழுதை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனியில் சாரல் ஆரம்பித்தது. குற்றாலத்தில் கூட்டம் நெரிந்தது. எண்ணெய்க் கையோடு நிற்கிற மாதம், இனி கவலை இல்லை என்று நினைத்தேன். புளியறையில் இருந்து வந்த சொந்தக்காரி ஒருத்தி, "உங்க வீட்டுக்காரவுக கார் நிப்பாட்டுற இடத்துல தனியா உக்காந்து பீடி குடிச்சிக்கிட்டு இருக்காவ" என்று சொன்னாள். "அதான் தெரிஞ்ச கதையாச்சே" என்றேன். அன்றைக்குச் சாயங்காலம் அவரை ஊதச் சொல்லவில்லை. நான் சொன்னது நிஜமாகிவிட்டது என்பதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் இருந்தது.

ஆடி பிறந்தபோது பாதம் கறுத்துவிட்டது. திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் வந்து ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தாள். கொடுக்க வேண்டிய கட்டுகள் நின்றுபோனால் கார்டுக்கு ஆபத்து என்று நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன். கடையில் இலை வாங்கி, தனியாக வெட்டி, தனியாகச் சுற்றி, தனியாகக் கட்டினேன். வீட்டில் ஒரு ஈ காக்கை கிடையாது. நான்கு நாள் கழித்துக் கூடையோடு போனேன். அண்ணாச்சி ஒரு கட்டைப் பிரித்து எண்ணினார். இன்னொன்றையும் எண்ணினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இப்ப யாரும்மா எடுத்தா?"

நானே பிடுங்கி எண்ணினேன். இருபத்திநாலு. அடுத்ததும் இருபத்திநாலு. இடது கைக்குள் பிடித்துப் பார்த்தேன். பிடி நிறைந்துதான் இருந்தது. இன்னொரு பீடிக்கு அதில் இடமே இல்லை.

"இலை தடிமன்லா" என்றார் அண்ணாச்சி. "வைகாசியில வந்த அதே மாதிரி லோடுதான் இப்ப மறுபடி வந்திருக்கு. தடிமன் இலைன்னா பிடி சீக்கிரம் நெறஞ்சிரும். எண்ணிக் கட்டுனவளுக்கு ஒண்ணும் குறையல."

வரிசையில் நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பஸ் ஏறித் திருநெல்வேலிக்குப் போனேன். மகளை டீ வாங்க அனுப்பிவிட்டு, கட்டில் பக்கத்தில் நின்று சொன்னேன். இலை தடிமன், கை தப்பிவிட்டது, நீங்கள் எடுக்கவே இல்லை என்று. ஏதோ அவருக்குத் தெரியாத சேதியைக் கொண்டுவந்தவள் மாதிரி மூச்சு வாங்கச் சொன்னேன்.

அவர் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு, "நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியாதாட்டி?" என்றார்.

"அப்புறம் ஏன் ஒத்துக்கிட்டிய?"

"கார்டைக் கிழிச்சிருப்பான்லா."

அழுதேன். காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்கலாம் என்றால் நான் நின்ற பக்கம் கால் இல்லை. அவர் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன்.

இன்னொரு கால் மிச்சம் இருக்கிறது. அதையாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் இந்தத் தடவை முழுசாக விட வேண்டும். வீட்டுக்கு வந்த அன்றே சுக்குத் துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தேன். கூப்பிட்டால் ஓடுவதற்கு வசதியாகச் சுளகோடு பக்கத்து அறையில் உட்கார்ந்தேன். உதடு காய்வதும், கை நடுங்குவதும் கதவு வழியாகத் தெரியும். நானாகப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். ஏட்டி என்ற சத்தம் மட்டும் வரவே இல்லை.

பீடி சிகரெட்டை விட நினைக்கிறவர்களுக்கு ஃபோனில் இலவசமாகப் பேசித் துணை செய்கிறார்களாம். ஆஸ்பத்திரியில் அந்த நம்பரைக் கொடுத்திருந்தார்கள். மகள் போட்டுக் கொடுத்துவிட்டு அவள் ஊருக்குப் போனாள். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், ஸ்பீக்கரில்தான் வைப்பார். பேசினது சின்ன வயசுப் பொம்பளைப் பிள்ளை ஒருத்தி. குரல் அவ்வளவு பதமாக இருந்தது. எத்தனை வருடமாகக் குடிக்கிறீர்கள், எந்த நேரத்தில் ரொம்பத் தோன்றுகிறது, தோன்றினால் என்ன செய்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. அவரும் பொறுமையாகச் சொன்னார். இடையில் எதற்கோ சிரிக்கக்கூடச் செய்தார். அவர் சிரித்துக் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. நான் பீடி சுற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அந்த மாதிரி நேரத்துல பக்கத்துல இருந்து பார்த்துக்க வீட்ல யாராவது இருக்காங்களாய்யா?" என்று கேட்டது அந்தப் பிள்ளை.

நான் உட்கார்ந்திருந்தது ஆறடி தள்ளி. கதவு திறந்துதான் இருந்தது.

"யாரும் இல்லம்மா" என்றார். "நான் தனி ஆளுதான்."

"பரவாயில்லைய்யா, நாங்க இருக்கோம். நாளைக்கும் இதே நேரத்துக்குக் கூப்பிடுறேன்" என்றது அது.

"கூப்பிடும்மா" என்றார்.