மண்ணுக்குள் புதைத்த வேலி

இது நடந்தது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். சுந்தரபாண்டியனும் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தார், 1983 ஆடி மாதம் வரைக்கும்.

ராணுவத்தில் ரேடியோ பழுது பார்த்துவிட்டு வடகரைக்குத் திரும்பியவர். ஊரில் தன்னைத் தவிர எல்லோரும் மடையர்கள் என்பது அவர் முடிவு. சாமி, பேய் என்று எவனாவது வாயெடுத்தால் மூக்கைச் சுளிப்பார். அவருடைய தென்னந்தோப்பின் மேற்கெல்லையில் காடு தொடங்குகிறது. அங்கே மேயப் போன இரண்டு மாடுகளைச் சிறுத்தை அடித்துவிட்டது. மிச்சம் இருந்தது நிறைசினையாக ஒரு செவலைப்பசு. மனுஷர்கள் மேல் இல்லாத பாசம் அவருக்கு அதன்மேல் இருந்தது. அதையும் பறிகொடுக்க மனமில்லை.

முள்கம்பி போட்டால் திருடிக்கொண்டு போகிறார்கள். ஆகவே தோப்பைச் சுற்றி மண்ணுக்குள் செம்புக்கம்பி புதைத்தார். மோட்டார் ரூமில் ஒரு லாரி பேட்டரி, அவரே செய்த கருவி. பசுவின் கழுத்து வாரில் சோப்பு டப்பா அளவில், இரண்டு பேட்டரிக் கட்டை போட்ட ஒரு பெட்டி. கம்பியை நெருங்கினால் பெட்டி 'கிர்ர்ர்' என்று உறுமும். மீறினால் சுருக்கென்று ஷாக் அடிக்கும். பசு சீக்கிரமே படித்துக்கொண்டது. வேலியே இல்லாத இடத்தில் அது நின்று திரும்புவதைப் பார்க்க ஊரே கூடியது. இவருக்குத் தலைகால் புரியவில்லை.

மாடு பார்க்கும் உச்சிமாகாளி மட்டும் தலையைச் சொறிந்தான்.

"அண்ணாச்சி, வடமேக்கு மூலையில ரெண்டு பாகம், ஒரு பன்னெண்டடி, விட்டுருங்க. காவல் சாமி மாடன் போக்குவரத்து உண்டு. அங்கன யாரும் அடைக்க மாட்டாங்க."

அது உண்மைதான். பக்கத்துத் தோப்புக்காரர்கள் எல்லோரும் அந்த நேருக்கு வேலியில் இடைவெளி விட்டிருந்தார்கள்.

"ஏலே, மண்ணுக்குள்ள கெடக்க கம்பி ஒங்க மாடன என்னலே செய்யும்? அவன் கழுத்துலயா பொட்டி கட்டியிருக்கேன்?"

உச்சிமாகாளி மாட்டை ஓட்டிக்கொண்டு போனான்.

ஆடி வெள்ளிக்கிழமை. குற்றாலத்துச் சாரல் வடகரை வரைக்கும் பிசுபிசுத்தது. உச்சிமாகாளி மகளைப் பார்க்கத் தென்காசிக்குப் போயிருந்தான். விளக்கு வைக்கும் நேரம். கொட்டகையில் கட்டிக் கிடந்த பசுவுக்கு நோவு எடுத்திருந்தது. சுந்தரபாண்டியன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

கிர்ர்ர்...

பசுவின் கழுத்தைப் பார்த்தார். அதன் பெட்டி சும்மா இருந்தது. சத்தம் வந்தது வடமேற்கு மூலையிலிருந்து.

மாற்றுக்கென்று செய்த இன்னொரு பெட்டி மோட்டார் ரூம் ஆணியில் தொங்கும். ஓடிப்போய் டார்ச் அடித்தார். வெறும் ஆணிதான் இருந்தது.

"எந்தக் களவாணிப் பயலே அது?"

சத்தம் கம்பியோரமாகவே நகர்ந்தது. தெற்கே போயிற்று. நின்றது. திரும்பியது. வழி தேடுகிற மாதிரி...

டார்ச் வெளிச்சத்தில் யாரும் இல்லை. ஈரப்புல் மட்டும் அமுங்கி அமுங்கி நிமிர்ந்தது.

பிறகு சத்தம் கொட்டகைப் பக்கம் திரும்பியது. கூடவே சுருட்டு வாடை.

பசுவின் பெட்டியும் உறும ஆரம்பித்தது. கம்பியோ எங்கோ தள்ளிக் கிடக்கிறது. பசு துள்ளியது... கால் மடங்கி விழுந்தது. வெளியே தெரிந்த கன்றின் குளம்பு அப்படியே நின்றுவிட்டது.

மோட்டார் ரூமுக்கு ஓடிப் பேட்டரி வயரைப் பிடுங்கினார். பசுவின் பெட்டி ஓய்ந்தது.

மற்றது ஓயவில்லை.

கிர்ர்ர்... காதுக்குப் பக்கத்தில்.

அறிவாளிக்கு அப்போதுதான் மாடன் ஞாபகம் வந்தது. கடப்பாரையோடு வடமேற்கு மூலைக்கு ஓடினார். மண்ணைக் கிளறினார். கம்பியை வெட்டினார். இரண்டு பாகம் பிடுங்கி எறிந்தார்.

"போயிரும்... போயிரும் சாமி..."

தோளை உரசிக்கொண்டு ஏதோ போயிற்று.

சத்தம் காட்டுக்குள் தேய்ந்தது.

கொட்டகையில் கன்று கத்தியது.

விடிந்ததும் பழைய திமிர் திரும்பிவிட்டது. "எவனோ பொட்டியக் களவாண்டு வெளையாடியிருக்கான்" என்றார், தென்காசியிலிருந்து திரும்பிய உச்சிமாகாளியிடம். மூலையில் ஏன் கம்பி இல்லை என்று கேட்டவர்களிடம் கம்பி பத்தவில்லை என்றார். பெரிய மனிதர் அல்லவா, பயந்தேன் என்று சொல்ல வாய் வருமா?

சற்று நேரத்தில் உச்சிமாகாளியே பெட்டியைக் கொண்டுவந்தான். காட்டோரத்து மாடன் பீடத்தில் மாலை மாதிரி மாட்டிக் கிடந்ததாம்.

"உள்ள கட்டையே இல்லியே அண்ணாச்சி. பொறவு எப்படிச் சத்தம் கேட்டுச்சுங்கீய?" மூடியைத் திறந்து காட்டினான்.

சுந்தரபாண்டியனின் கை, இன்னும் மாற்றாத சட்டையின் பையைத் தொட்டது. ஈரம் படக்கூடாதென்று முந்தின நாள் காலையில் அந்தப் பெட்டியிலிருந்து அவரே கழற்றிய இரண்டு பேட்டரிக் கட்டைகளும் அங்கேதான் இருந்தன.