மாத்திரை அடித்த அடி

என் கணவர் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டியவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளில் ஒரு நாள் இரும்புக் கம்பி காலில் விழுந்தது. சர்க்கரை நோய்க்காரர் என்பதால் புண் ஆறவில்லை, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சர்க்கரைக்குக் காலையில் ஒரு மாத்திரை. முட்டி வீங்கியதும் எலும்பு டாக்டர் வந்து வேறொரு மாத்திரை எழுதிவிட்டுப் போனார். இரண்டையும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

நாலைந்து நாள் போயிருக்கும். மத்தியானம் கஞ்சியை நீட்டினேன். தட்டிவிட்டார். சுடுகஞ்சி என் கழுத்தில் வழிந்தது. "யாருளா நீ?" என்று கத்தி ஸ்டூலைத் தூக்கி எறிந்தார், ஜன்னல் கண்ணாடி நொறுங்கியது. பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து ஓடினார். பிடிக்கப் போன என் வாயில் ஓங்கி ஒரு குத்து. உதடு கிழிந்து சேலையெல்லாம் ரத்தம்.

"ஆர்பர் கூட்டாளிக சாராயம் கொண்டாந்து குடுத்திருக்கானுவ," என்றார் சிஸ்டர். வார்டு ஆட்கள் இருவர் மேலே ஏறி அமுக்கி, கையையும் காலையும் கட்டிலோடு கட்டினார்கள். ஒருவன் கன்னத்தில் அறைந்தான். நான் தடுக்கவில்லை. சொல்லப்போனால் உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. கல்யாணமான நாள் முதல் குடித்துவிட்டு வந்து என்னை அடித்தவர்தானே! நானும் ஒன்று போடலாமென்று சட்டையைப் பிடித்தேன்.

சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. உடம்பு சில்லென்று இருந்தது. குடித்தால் அவர் உடம்பு அடுப்பாய்க் கொதிக்கும். அடி விழும்போதே சூடு தெரியும். அது எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? வாயிலும் நாற்றமில்லை. அதற்குள் கண் மேலே செருகிவிட்டது.

"இது குடியில்ல! இவிய சாகப் போறாவ, டாக்டரக் கூப்பிடுங்க!" என்று வார்டே அதிரக் கத்தினேன்.

இரண்டு மாத்திரைகளையும் பார்த்ததும், ஓடி வந்த டூட்டி டாக்டரின் முகம் மாறியது. உடனே நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்.

"மூட்டுவலி மாத்திரை சுகர் மாத்திரையோட வேகத்தக் கூட்டிருக்கும்மா. ரெண்டையும் சேத்துக் குடுத்திருக்கக் கூடாது. சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிட்டு, அதான் புத்தி தடுமாறி ஆளு தெரியாம அடிச்சிருக்காரு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா உயிரே போயிருக்கும்," என்றார்.

கண் விழித்தவருக்கு எதுவும் நினைவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"ஏளா, வாயில என்ன ரத்தம்? யாரு அடிச்சா?"

இத்தனை வருஷத்தில் அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கட்டை அவிழ்க்க வந்த ஆளை, கொஞ்சம் பொறு என்று நிறுத்தினேன்.

"இன்னைக்கு அடிச்சது மாத்திரை. இதுக்கு முன்னால அடிச்சதெல்லாம் நீங்க."