கேக் மேல் விழுந்த பழி

ஒரு வீட்டில் சாவு விழுந்தால் நீங்கள் யாரைக் கேள்வி கேட்பீர்கள்? உழைக்கிறவனின் மூச்சை அடைத்த முதலாளியையா, அடுப்படியில் நின்ற பெண்ணையா?

சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துப் பிழைத்த ஒருத்தியின் வீட்டில் எல்லாரும் அடுப்படிப் பக்கமே திரும்பினார்கள்.

அவள் கணவன் கார்களுக்குப் பெயின்ட் அடிப்பவன். ஜன்னல் இல்லாத பட்டறை. பாதுகாப்புக்கு முகத்தில் கட்டிய கைக்குட்டைதான். இருமினால் அதில் அன்றைய காரின் நிறம் ஒட்டியிருக்கும். மகனுக்கு ஐந்து வயது நிறைந்த அன்று அவள் சாக்லேட் கேக் செய்தாள். மீசையெல்லாம் அப்பிக்கொள்ள இரண்டு துண்டு தின்றுவிட்டு வேலைக்குப் போனவன், பிணமாகத்தான் வந்தான்.

"அந்தக் கறுப்புக் கேக்கைத் தின்னுட்டுப் போனான், போயே போயிட்டான்!" என்று அவன் அக்கா மாரில் அடித்துக்கொண்டாள்.

அழுகையில் வந்த வார்த்தை அழுகையோடு போயிருக்கலாம். போகவில்லை. இரண்டு வருடம் கழித்து, மகன் அழுது கேட்டானே என்று அவள் மறுபடி கேக் செய்தாள். அந்த வாரமே மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். அவ்வளவுதான், குற்றம் ருசுவாகிவிட்டது. தரையில் இருந்த பாசியை யாரும் விசாரிக்கவில்லை. கேக் இல்லாத வாரங்களிலும் அந்த வீட்டில் காய்ச்சல் வந்தது, கை உடைந்தது. அதையெல்லாம் யார் கணக்கில் எடுத்தார்கள்? கோக்கோ டப்பா குப்பைக்குப் போனது. அவளும் வாயை மூடிக்கொண்டாள். தங்க இடம் கொடுத்தவளே அந்த நாத்தனார்தானே.

மகனுக்குக் கல்யாணமும் ஆயிற்று. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மருமகள் கதையைக் கேட்டுவிட்டு முதலில் சிரித்தாள். பிறகு கோபப்பட்டாள்.

"நாளைக்கு உங்க பிள்ளைக்குப் பிறந்தநாள். கேக் நீங்கதான் செய்றீங்க, அத்தை."

"வேணாம்மா. உனக்குத் தெரியாது."

"அப்படியே ஏதாவது ஆனாலும் மருந்துக்கடைக்காரி வீட்லதானே இருக்கேன்?"

மருமகளின் பிடிவாதத்தில் மறுநாள் தாய்க்காரி, கேக் வேகவைக்கக் கனத்த பாத்திரத்தில் மணலைப் பரப்பிச் சூடேற்றினாள். மரக்கரண்டியால் அடிக்க அடிக்க வெண்ணெயும் சர்க்கரையும் வெளுத்துப் பொங்கின. கோக்கோவைச் சுடுநீரில் குழைத்தபோது மேடையெல்லாம் சிந்தியது.

வாசனை கூடத்துக்கு வந்ததும் நாத்தனார் எழுந்துகொண்டாள்.

"அதே நாள், அதே கேக்! ஒருத்தனை முழுங்கினது போதாதா? இவனும் வேணுமா உனக்கு?"

அறைக்கதவைப் படாரென்று சாத்திக்கொண்டாள்.

மருமகள் முதல் துண்டை வாய் நிறைய அடைத்துக்கொண்டு, "செத்தேன் போங்க, என்னா ருசி!" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. மகன் தட்டை வாங்கினான். தொடவில்லை.

"எனக்கு அந்த நம்பிக்கையெல்லாம் இல்லம்மா. ஆனா கை வரல. அப்பா மீசைதான் கண்ணுக்குள்ள நிக்குது."

அப்போதுதான் அவள் வாய் திறந்தாள்.

"உங்கப்பா ஒரு வாரமா மூச்சு வாங்கிக்கிட்டே லீவு கேட்டார்டா. வரலைன்னா வேற ஆள் வச்சுக்குவேன்னுட்டான் முதலாளி. அன்னைக்கு நடக்க முடியாம உட்கார்ந்து உட்கார்ந்துதான் வேலைக்குப் போனார். இதை யாருமே உன்கிட்ட சொல்லலையா?"

"நீயும் சொல்லலையேம்மா."

அவள் கேக் வெட்டிய கத்தியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அவன் கேக்கின் ஓரத்தில் ஒரு துணுக்கைக் கிள்ளி விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டே இருந்தான். அது வாய்க்குப் போகவில்லை. சின்ன வயதில் காதில் ஊற்றிய விஷத்தை ஒரு சாயந்திரத்தில் வடித்துவிட முடியுமா? அவள் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, சட்டையை மடியில் போட்டுக்கொண்டு பொத்தான் தைக்க உட்கார்ந்தாள்.

உங்கள் குடும்பத்திலும் யாரோ ஒருத்தியை ராசியில்லாதவள் என்று ஒதுக்கி வைத்திருப்பீர்கள். இன்றே அவளிடம் போங்கள். அவள் செய்ததைக் கேட்டு வாங்கி, எல்லாரும் பார்க்கத் தின்னுங்கள். அவள் தலையில் கட்டிய சாவுக்கு உண்மையில் யார் பொறுப்பு என்று உரக்கக் கேளுங்கள்.